சொல்லாத பூச்சியம்

குருநகர் மீனவர் வீட்டுப் பிள்ளையான சிசிலியாவுக்கு எண்பத்தாறாம் ஆண்டில் ஒரு காசநோய் நிலையத்தில் வேலை கிடைத்தது. நோயாளர் விபரங்களைக் கொம்பியூட்டரில் பதிவு செய்வாள். கேட்டு வருபவர்களுக்கு ஊர்வாரியாக எண்ணிக்கை சொல்வாள். பெயர் மட்டும் எவருக்கும் சொல்லக்கூடாது. வெளியே வெயில் கொளுத்த, குளிரூட்டிய அந்த அறைக்குள் பச்சை எழுத்துகள் கறுப்புத் திரையில் மெல்ல மிதந்து வரும். கடலுக்கடியில் இருப்பதுபோல அவளுக்குக் கண் சொருகும்.

கோப்பாய்ப் பக்கத்துச் சிற்றூர்ச் சங்கக்காரர் ஒருவர் தங்கள் ஊர்க் கணக்கைக் கேட்டார். ஆறு என்றாள். அடுத்த மாதமும் வந்தார். ஏழு என்றாள். அந்த மாதம் அங்கே புதிதாகக் குடிவந்தவள் குணலட்சுமி ஒருத்திதான். பொதுக்கிணற்றில் அவளைத் தண்ணீர் அள்ள விடவில்லை. அவள் கொடிகாமத்தில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நாங்கள் பேர் சொல்லேல்லை, பிள்ளை. சனம் கழிச்சுப் பாத்திட்டுது," என்றார் நிலையத்து டொக்டர் செல்வநாயகம். "இனிப் பத்து, இருவதெண்டு முழுசாய்த்தான் சொல்லுறது. பத்துக்குக் குறைஞ்சால் சொல்லுறேல்லை. ஒருத்தருமே இல்லையெண்டாலும் சொல்லப்படாது."

"இல்லையெண்டு சொன்னால் என்ன, டொக்டர்?"

"இண்டைக்கு இல்லையெண்டு சொல்லிப்போட்டு நாளைக்கு வாய் திறக்காட்டில்? அதுவே ஆளைக் காட்டிக் குடுத்திடும்."

அந்த வருடம் அவளுடைய அண்ணன் கனிசியஸுக்குப் பாசையூர் மார்கிரட்டைப் பேசினார்கள். பெண் இருமுகிறாள் என்று யாரோ சொல்ல, தாய் செபஸ்தியம்மா தயங்கினாள்.

பொழுது சாயும் நேரம். கரையில் வலை காய்ந்துகொண்டிருந்தது. கனிசியஸ் தங்கையின் பக்கத்தில் வந்து குந்தினான்.

"பேர் கேக்கேல்லை, சிசிலி. பாசையூரிலை இருவத்தைஞ்சு வயசுக்கு உட்பட்ட பெட்டையள் எத்தினை பேர் மருந்தெடுக்கினம்?"

ஒருத்தியும் இல்லை. அது அவளுக்குத் தெரியும். அந்த ஒரு சொல்லோடு கலியாணம் நிச்சயமாகிவிடும். தண்ணீரில் செவ்வொளி அசைந்தது. அந்தப் பூச்சியமும் அதில் அசைவதுபோல இருந்தது.

"சொல்லேலாது, அண்ணை."

"அப்ப இருக்குதுபோலை."

"இருந்தாலும் இல்லாட்டிலும் இதைத்தான் சொல்லுவன். பங்குச் சுவாமியார் கேட்டாலும் இதுதான்."

அவன் அவளோடு கதைப்பதை விட்டான். அவள் போட்ட சோற்றையும் தொடவில்லை. ஒரு ஞாயிறு பூசை முடிந்து பாசையூருக்கு நடந்து போய்த் திரும்பியவன், "மார்கிரட்டையே கேட்டன். அடுப்புப் புகையெண்டு சிரிச்சாள். எனக்கு அந்தச் சொல்லே காணும்," என்றான். சோறு போடச் சொல்லித் தங்கையிடம் கோப்பையை நீட்டினான்.

கலியாணத்தன்று கோயிலுக்குள் சாம்பிராணி மணம் மிதந்தது. மெழுகுதிரிகளுக்கு அப்பால் மணமக்கள் கனவில் நிற்பவர்கள்போலத் தெரிந்தார்கள். தாய் சிசிலியாவின் காதருகே குனிந்தாள்.

"முடிஞ்சுதே, இனியெண்டாலும் சொல்லன்."

"சொல்லேலாதம்மா."

தாய் அவளை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, "அப்ப என்ரை கதையையும் ஒருத்தருக்கும் சொல்லமாட்டாய்," என்றாள். "திங்கக்கிழமை உன்னோடை நானும் வாறன். சளியிலை ரத்தம் வருகுது, பிள்ளை. கனநாளாய் ஒளிச்சு வைச்சிருக்கிறன்."

சிசிலியா அந்தச் சுருங்கிய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டு ஏறி இறங்கியது.

செபஸ்தியம்மா முழுதாக மருந்தெடுத்துச் சுகமானாள். குருநகரில் ஒருவருக்கும் அது தெரியவரவில்லை.