மிச்சம் ஆறு மாத்திரை

இதயத்தைப் பற்றி நான் படித்தது மொத்தம் பதினோரு நாள். அதை வைத்துக்கொண்டு நாலு வருஷம் அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே டாக்டரம்மா என்று பெயர் வாங்கிக்கொண்டு அலைந்தேன். நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. விலங்கியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் குத்தவைத்திருந்தவள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மருந்துக் கம்பெனி, பிரஷருக்குப் புதிதாக வந்த மாத்திரையை எங்கள் பக்கத்து ஆட்களுக்குக் கொடுத்துப் பார்ப்பதற்காக ஆள் எடுத்தது. ஆய்வுப் பணியாளர் என்று அட்டையில் போட்டிருந்தது. அதற்கு அர்த்தம் சொல்லிச் சொல்லி வாய் வலித்து, கடைசியில் டாக்டரம்மா என்றால் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

பயிற்சி மதுரையில், ஒரு ஆஸ்பத்திரி மாடியில். நாங்கள் எட்டுப் பேர். ஒருவர் விலாவை ஒருவர் தடவி எண்ணி, எந்த எலும்புக்கும் எந்த எலும்புக்கும் நடுவே ஈசிஜி ரப்பர் குமிழை ஒட்டவேண்டும் என்று கற்றுக்கொண்டோம். பெண்கள் நாலு பேரும் திரைக்குப் பின்னால் கூச்சத்தில் சிரித்துச் சிரித்து ஒருநாள் முழுக்க வீணாக்கினோம். வரைபடக் காகிதத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, முந்நூறை அதால் வகுத்தால் நாடித் துடிப்பு. ஐம்பதுக்குக் கீழே போனால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே போன் பண்ணவேண்டும். சாயங்காலம் இதய டாக்டர் வருவார். காலையிலிருந்து நோயாளிகளைப் பார்த்த களைப்பில் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துதான் பாடம் எடுப்பார். "நீங்க வைத்தியம் பாக்கப் போகல, எழுதப் போறீங்க" என்று தினமும் ஒருதடவை சொல்லிவிடுவார்.

அவர் சொன்னது சரிதான். நாலு வருஷமும் எழுதினேன். காலை ஆறு மணி பஸ்ஸில் ஈசிஜி பெட்டியோடு ஏறுவேன். மடியில் வைத்தால் கால் மரத்துப்போகும், கீழே வைத்தால் யாராவது அதன்மேல் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் பந்தல்குடி, ஒருநாள் எம்.ரெட்டியபட்டி, ஒருநாள் திருச்சுழி. இறங்கி, நடந்து, பிரஷர் பார்த்து, மாத்திரை எண்ணி, எழுதி, திரும்பி வந்து எழுதியதை மறுபடி பெரிய படிவத்தில் எழுதுவேன். சித்திரை வெயிலில் கரிசல் காட்டுப் பாதையில் பெட்டியோடு நடந்தால், பிரஷர் பார்க்கவேண்டியது யாருக்கு என்று சந்தேகம் வந்துவிடும். இருபத்துநாலு வயதில் முழங்கால் வலி வந்துவிட்டது எனக்கு.

ரெட்டியபட்டிப் பக்கம் ஒரு ஊரில் மாவு மில் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் எங்கள் பட்டியலில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். கண் இமையெல்லாம் மாவு படிந்து, எப்போது பார்த்தாலும் நாடக மேக்கப் போட்டவர் மாதிரி இருப்பார். முதல் முகாமுக்கு அவரும் அவர் சம்சாரமும் சேர்ந்து வந்திருந்தார்கள். பள்ளிக்கூடத்து வகுப்பறையில் முகாம். பிரஷர் பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் கூட, அந்த அக்காவுக்கோ ரொம்பவே கூட. இரண்டு பேருமே ஆய்வுக்குப் பொருந்துவார்கள். ஈசிஜி மட்டும் எடுக்கவேண்டியது பாக்கி.

நெஞ்சில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று பயிற்சியில் டெக்னீசியன் சொல்லியிருந்தார். அந்த அக்காவைப் பெஞ்சில் படுக்கவைத்துவிட்டு, தாலியைக் கழற்றச் சொன்னேன். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"எங்க வீட்டு ஆளு வெளிய உசுரோட நிக்காக. நான் எதுக்குத் தாயி கழத்தணும்?"

"ரெண்டு நிமிஷம்தான்க்கா. எடுத்ததும் போட்டுக்கிடலாம்."

"ரெண்டு நிமிசம் அவுக இல்லாம இருக்கலாமா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெளியே இன்னும் முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். காலையிலிருந்து டீகூடக் குடிக்கவில்லை. கழற்றினால்தான் எடுப்பேன், இல்லாவிட்டால் இடத்தைக் காலி பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டேன். அவர் ரவிக்கையைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். படிவத்தில் 'மறுத்துவிட்டார்' என்று எழுதினேன். பிரஷர் ரொம்பக் கூடுதலாக இருக்கிறது, டவுன் ஆஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று அண்ணாச்சியிடம் சீட்டு எழுதிக் கொடுத்தேன். பருத்தி விதைக்கும் நேரம். அவர்கள் போகவில்லை.

அண்ணாச்சிக்கு ஈசிஜி எடுத்து, கையெழுத்து வாங்கும்போது விவரம் சொன்னேன். புட்டியில் இருப்பது மருந்தாகவும் இருக்கலாம், மருந்தே இல்லாத வெறும் மாவாகவும் இருக்கலாம், எது என்று எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இருவது வருசமா மாவு அரைக்கேன். என்கிட்டயே மாவ வச்சு வெளையாடுறீகளா?"

மாதம் ஒரு புட்டி. காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. முன்னே பின்னே ஆனால் இருக்கட்டும் என்று கூடுதலாக ஆறு மாத்திரை போட்டிருப்பார்கள். நான் போகும்போது பழைய புட்டியைத் தட்டில் கொட்டி மிச்சத்தை எண்ணவேண்டும். மற்ற ஆட்களிடம் பதினொன்று இருக்கும், இருபது இருக்கும். ஒரு ஆள் பாதிப் புட்டியை மாட்டுக்குக் கொடுத்திருந்தார். அண்ணாச்சியிடம் மட்டும் சொல்லிவைத்தாற்போல ஆறு. ஒன்று கூடாது, ஒன்று குறையாது. மதுரையிலிருந்து மேற்பார்வையாளர் வந்தபோது, இந்த மாதிரி ஒரு ஆளை நீங்கள் பார்த்திருக்க முடியாது என்று பீற்றிக்கொண்டேன்.

ஒன்றுதான் இடித்தது. அவர் பிரஷர் இறங்கவே இல்லை. நாலு மாதமும் அதே அளவு. ஆய்வு விதிப்படி அப்படிப்பட்டவர்களுக்கு மருந்தின் அளவை இரட்டிப்பாக்கவேண்டும். நான் எழுதி அனுப்பினேன், டாக்டர் கையெழுத்துப் போட்டார், அளவு கூட்டிய புட்டி வந்தது. அதை நான்தான் பெட்டியில் சுமந்துகொண்டுபோய் அண்ணாச்சி கையில் கொடுத்தேன்.

ஆறாவது மாதம் போனபோது மில் ஓடவில்லை. வாசலில் கம்பும் மிளகாயும் வைத்துக்கொண்டு நாலைந்து பெண்கள் காத்திருந்தார்கள். மில்லுக்குப் பின்னால் வீடு. அந்த அக்கா பாயில் கிடந்தார். முந்தின நாள் பருத்திக் காட்டில் மயங்கி விழுந்தாராம்.

"வெயிலு ஒத்துக்கிடல போல" என்றார் அண்ணாச்சி. நானும் அப்படித்தான் நினைத்தேன். சும்மா கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு துடிப்பு வந்தது. அடுத்தது வரும் வரும் என்று காத்திருந்து, என் விரல்தான் இடம் மாறிவிட்டதோ என்று நினைக்கையில் வந்தது. கடிகாரத்தை வைத்து ஒரு நிமிஷம் எண்ணினேன். முப்பத்தெட்டு.

அண்ணாச்சியை வெளியே போகச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். கை தானாகத் தாலிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டது. நான் அதை மெல்ல வாங்கித் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டேன். அவ்வளவுதான் வேலை. கோடு சுத்தமாக வந்தது, ஒரு நடுக்கம்கூட இல்லை. டெக்னீசியன் சொன்னதன் அர்த்தம், குமிழில் உலோகம் படக்கூடாது என்பது மட்டும்தான். ஆறு மாதத்துக்கு முன்னால் யோசிக்காமல் விரட்டியடித்தேனே என்று அந்த இடத்திலேயே கூசிப்போனேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் எட்டுப் பெரிய கட்டம் ஓடியிருந்தது.

"அக்கா, என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

அவர் வாசலைப் பார்த்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு அதையே கேட்டேன். அவருக்கு மறைக்கத் தெரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் செய்யல தாயி. தல சுத்துறதும் மண்டையிடியும் இவளுக்குத்தான். நீங்களும் இவளுக்குத்தான கூடன்னு சொன்னீக? அதான் மொத நாள்லருந்தே இவட்ட குடுத்துட்டேன். நீங்க சொன்ன நேரத்துக்கு, ஒரு வேளை தப்பாமக் குடுத்திருக்கேன். அஞ்சு மாசம் மண்டையிடியே இல்லாம இருந்தா."

அவர் பிரஷர் இறங்கவில்லை என்று நான் எழுத, அவர் சம்சாரத்துக்கு மருந்து இரட்டிப்பாகியிருந்தது. அந்த வீட்டில் நல்லது எதுவும் ஒருவருக்கென்று வராது போல. சத்தம் போடத்தான் நினைத்தேன். அதற்கு நேரமில்லை, எழுந்துபோய் வண்டி தேடினேன்.

பருத்தி லோடு ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போன வண்டியில் அக்காவை முன்னால் உட்காரவைத்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். அரசு ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்தார்கள். மாத்திரையை நிறுத்தியதும் நாடி மெல்ல மெல்ல ஏறியது. பிழைத்துக்கொண்டார். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்து, அண்ணாச்சிக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

நான் நடந்ததை நடந்தபடி ஒரு பக்கத்துக்கு எழுதி மதுரைக்கு அனுப்பினேன். இரண்டாம் நாள் மேற்பார்வையாளர் போன் பண்ணச் சொல்லித் தகவல் வந்தது. எஸ்.டி.டி. பூத் கண்ணாடிக் கூண்டுக்குள் வேர்த்து ஒழுக நின்றேன்.

"அந்தம்மா நம்ம பட்டியல்லயே இல்லையே. இல்லாத ஆளுக்கு நம்ம படிவத்துல என்ன வேலை?"

"நம்ம மாத்திரைதானே சார்?"

"அதை எழுதினா, அந்தம்மாவை நீங்க ஏன் சேக்கலைன்னு கேப்பாங்க. ஆறு மாசம் என்ன எண்ணுனீங்கன்னு கேப்பாங்க. யோசிச்சுக்குங்க. மில்காரர் சொந்த விருப்பத்துல விலகிட்டார்னு ஒரு வரி போதும்."

யோசிக்கக்கூட இல்லை. பயந்துவிட்டேன். வகுப்பறையில் நான் போட்ட கூச்சல் காகிதத்தில் ஏறிவிடும். புதுப் படிவம் எடுத்து, 'பங்கேற்பாளர் சொந்த விருப்பத்தின்பேரில் விலகினார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து என்று பயிற்சியில் பேர் வாங்கியவள் நான்.

மிச்சப் புட்டியைத் திரும்ப வாங்கக் கடைசியாக ஒருதடவை போனேன். "என்னால உங்க வேலைக்கு ஏதும் கெடுதல் வந்துச்சா தாயி?" என்று அண்ணாச்சி கேட்டார். இல்லை என்றேன். அக்கா, தன் நெஞ்சை எடுத்த படத்தைக் கேட்டார். அதைக் கிழித்துப் போடும்படி மதுரையிலிருந்து சொல்லியிருந்தார்கள். எனக்கு மனசு வரவில்லை, பையிலேயே வைத்திருந்தேன். கொடுத்துவிட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் இதைக் காட்டுங்கள், துடிப்பைக் குறைக்கிற மாத்திரை உங்களுக்கு ஆகாது என்று வாயால் சொன்னேன்.

ஆய்வு ஒருவழியாக முடிந்தது. எந்தப் புட்டியில் எது இருந்தது என்ற விவரமும் எங்களுக்கு வந்தது. அண்ணாச்சி புட்டியில் இருந்தது மருந்துதான், துடிப்பைக் குறைக்கிற ரகம்தான். நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால், அருப்புக்கோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில் அந்த அக்காவைப் பார்த்தேன். கையில் புது டாக்டர் சீட்டு, காகிதப் பையில் மாத்திரை. ஆள் நன்றாகத்தான் இருந்தார். வழக்கம்போல வாங்கி, அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பேர்தான் வேறு. ரகம் அதேதான்.

"படத்தைக் காட்டலையாக்கா?"

"காட்டாம இருப்பனா? வெறுந்தாளா இருக்கேன்னு அவரு திருப்பிக் குடுத்துட்டாரு."

மஞ்சப்பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். உள்ளே என் ஈசிஜி, மடிப்புக்கூடக் கலையாமல். விரித்துப் பார்த்தேன். அச்சடித்த கட்டம் மட்டும்தான் இருந்தது, கோடு இல்லை. சூட்டில் பதிகிற காகிதம் அது. பிளாஸ்டிக்கில் போட்டு வைத்தால் அழிந்துவிடும், நகல் எடுத்துத்தான் கொடுக்கவேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அவர் என்னவோ ரேஷன் கார்டைவிடப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்.

கடைக்காரரிடம் பேனா வாங்கி, கண்ணாடிப் பலகைமேல் அந்தத் தாளை வைத்து எழுதினேன். இந்த மாதிரி மாத்திரை சாப்பிட்டு இவருக்கு நாடி முப்பத்தெட்டுக்கு இறங்கியது, மயங்கி விழுந்தார், இதை மறுபடி கொடுக்கக்கூடாது என்று மூன்று வரி. கீழே என் முழுப்பெயர். மருந்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வாங்க, அந்த டாக்டரிடமே போவோம் என்று கிளம்பினேன்.

அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது. படிக்கச் சொன்னார். படித்தேன். கேட்டுவிட்டுத் தாளை வாங்கி, என்மேல் கோபமே இல்லாமல் மடித்தார்.

"இம்புட்டுத்தானா தாயி? இத அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கலாமே."

"ஆமாக்கா" என்றேன்.