அண்ணனின் டிராலிக்கு நான் செய்த பிரேக்

மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்த மூன்றாவது வருடம், என் அண்ணன் பழைய தண்டவாளங்களை எடைக்கு வாங்கிக்கொண்டு வந்தான். எங்கோ மூடிப்போன சர்க்கரை ஆலையில் கரும்பு வண்டி ஓடிய சின்ன அளவுத் தண்டவாளங்கள். கூடவே நாலு இரும்பு டிராலிகள். பாத்தியிலிருந்து உப்பைத் தலையில் சுமந்து ரோட்டோர மேட்டுக்குக் கொண்டுவர ஆள் கிடைப்பதில்லை, இருக்கிறவர்களுக்கும் கழுத்து போய்விடுகிறது, இனிமேல் வண்டியில் வரட்டும் என்றான். அந்த யோசனை எனக்கு நிஜமாகவே பிடித்திருந்தது.

நான் திண்டிவனத்தில் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு சின்னக் கம்பெனியில் டிராயிங் போடுகிறேன். அம்மாவும் அண்ணன் குடும்பமும் பெருமுக்கல்லில் எங்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் பஸ் ஏறிப் போய்விடுவேன்.

உப்பளம் முழுக்க சமதரைதான். கடைசி முப்பது அடி மட்டும் மேடு. ரோட்டோரம் உப்பைக் குவிக்கும் இடத்துக்கு மண் கொட்டி ஏற்றம் போட்டிருந்தான். நாலு பேர் முன்னால் கயிறு போட்டு இழுப்பார்கள். பாதியில் மூச்சு வாங்க நிற்பார்கள். அப்போது டிராலி பின்னால் உருளாமல் இருக்க, ஒரு அக்கா கருங்கல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து வந்து சக்கரத்தின் அடியில் வைப்பாள். முதல் நாள் பார்த்ததுமே அண்ணனிடம் சொன்னேன்.

“ண்ணா, கல்லு நழுவிச்சுன்னா அந்தக்கா மேலயே வந்து ஏறும்.”

“அதான் உன்ன கூப்டேன் பாப்பா. நீ படிச்சவ. ஏதாவது பண்ணு.”

அந்த மாதம் முழுக்க பழைய ரயில்களைப் பற்றிப் படித்தேன். ஆரம்ப காலத்து ரயில் பெட்டிகளுக்குக் காற்றில் இயங்கும் பிரேக் கிடையாது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாக ஒரு பிரேக். ஒரு மரக்கட்டை சக்கரத்தின் மேல் அழுந்தும். அழுத்துவதற்கு ஒரு நெம்புகோல், இல்லாவிட்டால் சங்கிலியைச் சுற்றி இறுக்கும் கைச்சக்கரம். டிரைவர் விசில் அடித்ததும் ஆட்கள் ஓடும் ரயிலின் கூரை மேல் தாவித் தாவிப் போய் ஒவ்வொரு பெட்டியாக முறுக்க வேண்டும். மழையிலும் பனியிலும் வழுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர். எங்கள் டிராலிக்கு அவ்வளவு வேண்டாம். நெம்புகோலும் மரக்கட்டையும் போதும்.

இரும்புக் கட்டை வைத்தால் உப்பில் ஒரே வாரத்தில் துரு ஏறி இறுகிவிடும். அதனால் மரம்தான் சரி என்று முடிவு செய்தேன். வேப்பங்கட்டை சீக்கிரம் தேய்ந்தது. பூவரசு நின்றது. மரக்காணம் பஜாரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய்தான் எல்லாவற்றையும் செய்து கொடுத்தார். பின்னால் நிற்க ஒரு படி, படியில் ஒரு பெடல், பெடலிலிருந்து டிராலிக்கு அடியில் போகும் ஒரு நீளக் கம்பி. காலை வைத்து மிதித்தால் கம்பி இழுக்கும், இரண்டு கட்டைகளும் பின்சக்கரங்களைக் கவ்வும். கல் சுமந்த அக்காவையே படியில் ஏற்றி, பாதி மேட்டில் நிறுத்திப் பார்த்தோம். கயிற்றை விட்டுவிட்டார்கள். டிராலி அசையவில்லை.

“இன்னாம்மா இது, மாடு கணக்கா நின்னுக்கினு இருக்குது” என்று அக்கா சிரித்தாள்.

அன்று அண்ணன் என் டிராயிங்கை லேமினேட் செய்து உப்பளத்து மோட்டார் ஷெட்டில் ஒட்டினான். ஒட்டுவதற்கு முன்னால் என்னிடம் பேனா கொடுத்து, “கீழ கையெழுத்து போடு பாப்பா. என் தங்கச்சி செஞ்சதுன்னு நாலு பேருக்குத் தெரியணும்” என்றான். போட்டேன். பெயருக்குக் கீழே படிப்பையும் எழுதினேன். வீட்டில் என் படிப்பைப் பற்றி யாரும் அதற்குமுன் அப்படிப் பேசியதில்லை.

ஒரு சீசன் நன்றாகவே ஓடியது. ஒரே ஒரு குறை இருந்தது. உப்புத் தண்ணீரில் ஊறிக் கட்டைகள் உப்பி, பெடலை விட்ட பிறகும் சக்கரத்தை லேசாக உரசும். இழுப்பதற்குக் கனம். ஒரு ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தேன். பாய் ஸ்பிரிங்குக்குச் சொல்லி வைத்திருந்தார். அதற்குள் மழை வருகிறது என்று டிவியில் சொன்னார்கள். பாத்தியில் உப்பு கிடந்தது, ரோட்டில் லாரிகள் நின்றன.

புதன்கிழமை மதியம் அண்ணன் ஆபீசுக்கு போன் செய்தான்.

“பாப்பா, உன் பிரேக்கு புடிக்கல. அந்தக்கா கால் மேல வண்டி ஏறிடுச்சு.”

‘உன் பிரேக்கு’ என்றுதான் சொன்னான். அப்போது அதை நான் கவனிக்கவில்லை. கட்டை உடைந்ததா, வெல்டிங் விட்டுவிட்டதா, நான் எங்கே தப்பு செய்தேன் என்பதே மண்டைக்குள் ஓடியது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அக்காவை ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். வெளியே அவள் மகள் உட்கார்ந்திருந்தாள், இருபது வயதிருக்கும். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போகாமல் நேராக உப்பளத்துக்குப் போனேன். வேலை நின்றிருந்தது. டிராலி பாத்தி ஓரத்தில் சாய்ந்து கிடந்தது. மண்ணில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தேன். பெடல் இருந்தது. கட்டைகள் இருந்தன. நடுவில் கம்பி இல்லை. உடைந்து விழுந்திருந்தால் ஒரு முனையாவது தொங்கும். கம்பியைப் பூட்டும் இரும்பு ‘பின்’ போடுகிற ஓட்டை சுத்தமாக இருந்தது, நான் தடவச் சொன்ன கிரீஸ்கூட அதில் அப்படியே இருந்தது. ஸ்பேனர் வைத்து நிதானமாகக் கழற்றியிருக்கிறார்கள்.

மற்ற மூன்று டிராலிகளையும் பார்த்தேன். ஒன்றில் மட்டும் கம்பி இருந்தது. மோட்டார் ஷெட்டில் பைப்புகளுக்குப் பின்னால் மூன்று கம்பிகளும் ஒயர் போட்டுக் கட்டி வைக்கப்பட்டிருந்தன. பின்கள் ஒரு டீ டம்ளரில் கிடந்தன. எல்லாவற்றையும் போனில் போட்டோ எடுத்தேன். ஷெட்டுக்குள் வெளிச்சம் போதாமல் இரண்டு மூன்று படம் கலங்கிப்போனது. மறுபடி எடுத்தேன்.

அண்ணன் பைக்கில் வந்து இறங்கினான். நான் கேட்பதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

“ரெண்டு நாளுக்குத்தான் கழட்டினேன் பாப்பா. கட்ட உரசுது, பசங்க இழுக்க முடியலன்றாங்க. மழ வந்துட்டா மொத்தமும் கரைஞ்சிடும்.”

“பெடல மட்டும் ஏன் வுட்டு வச்ச?”

“அதையும் யாரு கழட்டிக்கினு இருக்கறது.”

“அந்தக்காகிட்ட சொன்னியா?”

“நடுவுல நிக்காம ஏத்துங்கன்னு பொதுவா சொன்னேன்.”

ஏன் என்று சொல்லவில்லை. இழுத்தவர்கள் மூன்றாவது நடையில் பழக்கதோஷத்தில் பாதியில் நின்று, “மிதிக்கா” என்று குரல் கொடுத்துவிட்டுக் கயிற்றைத் தளர்த்தியிருக்கிறார்கள். அவள் மிதித்திருக்கிறாள். வண்டி பின்னால் உருண்டதில் படியிலிருந்து விழுந்து, அவள் கால் சக்கரத்தில் மாட்டியிருக்கிறது.

“எங்கிட்ட எதுக்கு பிரேக்கு புடிக்கலன்னு சொன்ன?” என்று கேட்டேன்.

அவன் பைக் சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். பிறகு, சமாதானம் சொல்கிற குரலில், “யோசிச்சுப் பாரு. நான் கழட்டினேன்னு ஆச்சுன்னா கேஸு என் மேல, குத்தகையும் போயிடும். டிசைன் சரியில்லன்னா உன்ன யாரு இன்னா பண்ணப் போறாங்க? பொம்பள புள்ள, தெரியாம செஞ்சிட்டேன்னு சொல்லிட்டா வுட்டுடுவாங்க” என்றான்.

ஷெட் சுவரில் என் கையெழுத்தோடு அந்த டிராயிங் இருந்தது.

“அன்னிக்கே இதுக்குத்தான் கையெழுத்து வாங்கினியாண்ணா?”

“ச்சீ, அப்பிடி இல்ல” என்றான். அவன் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மாவிடம் போனேன். போட்டோக்களைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தாள். “அவனுக்கு ரெண்டு கொழந்த இருக்குதுடி. நீ ஒண்டிக்கட்ட, உனக்கு வேல இருக்குது. கொஞ்சம் பொறுத்துப்போ.” நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். நான் அங்கே சாப்பிடாமல் கிளம்பியது அதுதான் முதல் தடவை.

அக்கா கொஞ்சம் தேறிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வலது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். அவள் என் பிரேக்கை நம்பித்தான் படியில் நின்றாள், அது அவளைக் கைவிடவில்லை என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். கம்பி கழற்றியிருந்தது என்று நான் ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினாள்.

“தெரியும்மா. தெனிக்கும் மிதிக்கற காலு. வச்ச ஒடனே தெரிஞ்சிடுச்சு. கீழ ஒண்ணுமே இல்லாத மாதிரி லொட்டுனு போச்சு.”

“அப்ப நாளைக்கு லேபர் ஆபீசர் விசாரிக்க வந்து கேட்டா அத சொல்லுக்கா.”

அவள் மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டு அக்கா பேசினாள். “உங்கண்ணன் வந்துட்டுப் போனாரு. பொண்ண ஆபீசுல கணக்கு எழுத எடுத்துக்கறேன்னாரு. ஆஸ்பத்திரியும் பாத்துக்கறாராம். நான் இனிமே உப்புல எறங்க முடியாது. பிரேக்கு புடிக்கலன்னுதான் சொல்லப் போறேன். தப்பா நெனைக்காத. மிதிச்சேன், புடிக்கல. அது பொய்யில்லயே?”

அவள் மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. பிஸ்கட் பாக்கெட்டைக் கட்டில் மேல் வைத்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

விசாரிக்க அதிகாரி வந்த அன்று நான் முன்னதாகவே போய்விட்டேன். நான்கு டிராலியிலும் கம்பி இருந்தது. புதுக் கட்டை, புது கிரீஸ். அதிகாரி தானே ஏறி மிதித்துப் பார்த்தார். கச்சிதமாக நின்றது. அண்ணன் டிராயிங்கை எடுத்துக் கொடுத்தான். “சில சமயம் புடிக்குது சார், சில சமயம் புடிக்கல. தங்கச்சி ஆசையா செஞ்சது, நானும் நம்பிட்டேன்” என்றான். என்னைப் பார்த்துத்தான் சொன்னான். குரலில் கொஞ்சம் பாசம்கூட இருந்தது.

நான் போட்டோக்களைக் காட்டினேன். எடுத்த தேதியையும் நேரத்தையும் காட்டினேன். பாயும் வந்திருந்தார். “நான் பொருத்தின கம்பி தானா கழண்டு வராதுங்க, அந்த ‘பின்’ன யாராவது கழட்டணும்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். எல்லாவற்றையும் அதிகாரி எழுதிக்கொண்டார். அக்காவின் வாக்குமூலத்தையும் எழுதியிருந்தார்.

கடைசியில் வந்த அறிக்கையில், பிரேக் இயங்காத நிலையில் இருந்தது என்றும், முறையான ஒப்புதல் இல்லாமல் பொருத்தப்பட்டது என்றும் இருந்தது. யார் இயங்காமல் செய்தது என்று இல்லை. டிராலிகளை ஓட்டக்கூடாது என்றார்கள். அண்ணன் அபராதம் கட்டினான், குத்தகை கையை விட்டுப் போகவில்லை. தண்டவாளங்களைப் பெயர்த்து வந்த விலைக்கே விற்றுவிட்டான். விஷயம் என் கம்பெனிக்கும் எட்டியது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் நான் போடும் டிராயிங்குகளை இப்போது இன்னொருவர் சரிபார்த்த பிறகே வெளியே அனுப்புகிறார்கள். அக்காவின் மகள் உப்பள ஆபீசில் வேலை செய்கிறாள். வாக்குக் கொடுத்தபடியே அண்ணன் நடந்துகொண்டான். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போன மாதம் அண்ணன் பெண்ணுக்கு இரும்பை என்ற ஊர்க் கோயிலில் காது குத்தினார்கள். வரமாட்டேன் என்றேன். தாய்மாமன் மடியில் உட்காரும்போது அத்தை இல்லாமல் எப்படி என்று அம்மா போனில் அழுதாள். போனேன். பந்தியில் அண்ணனே சாம்பார் வாளியோடு வந்தான். “பாப்பாவுக்கு வடை போடுங்கடா” என்று பின்னால் வந்தவர்களிடம் சொன்னான். பக்கத்து இலையில் இருந்தவரிடம், “என் தங்கச்சி. இன்ஜினியரு” என்றான். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் இலையில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தேன்.

திரும்பும்போது ஆட்டோவில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவனே வந்து பேசிட்டான் இல்ல. அப்புறம் இன்னா?”

“அவன் பேசினாம்மா. நான் இன்னும் பேசல” என்றேன்.

அம்மா கையை எடுத்துக்கொண்டு வெளியே பார்க்க ஆரம்பித்தாள். மெயின் ரோடு வந்ததும் நான் இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன்.