நாலு கிளிக்கில் நின்ற ஹேண்ட்பிரேக்

அந்தக் கார் சரிவில் எட்டடி தூரம்தான் உருண்டது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்ததால் சக்கரம் நகர்ந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. சரிவின் அடியில் என் மகள் நின்றிருந்தாள்.

மதுரை காளவாசல் பக்கத்து ஒர்க்‌ஷாப் ஒன்றில் பத்தொன்பது வருடமாகச் சூப்பர்வைசராக இருக்கிறேன். ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். வண்டி வந்ததும் ஜாப் கார்டு எழுதுவதும், வேலை முடிந்ததும் சோதித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதும் என் பொறுப்பு. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. புகார்

கார் வெளிநாட்டில் செய்தது. முப்பது வருடப் பழசு, இரண்டே சீட், முகம் தரையோடு தாழ்ந்தது. வாங்கியவர் ஒரு பல் டாக்டர். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். பள்ளிக்கூட நாளில் காலண்டர் படத்தில் பார்த்த காராம்.

"மேடம், கொடைக்கானல்ல ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு எறங்குறேன், வண்டி தன்னால போகுது. ஓடிப்போய் ஏறி நிறுத்துனேன். வர்ற சனிக்கிழமையும் மலைக்குப் போறேன். மேட்டுல நிக்கணும், அம்புட்டுதான்."

ஹெட் மெக்கானிக் முருகேசண்ணன் சிரித்தார். "கியர்ல போட்டு வீலுக்கு ஒரு கல்லக் குடுங்க சார். எந்த மலையிலயும் நிக்கும். ஹேண்ட்பிரேக்க நம்பி எவன் வண்டிய விட்டுட்டுப் போறான்?"

டாக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். மதுரை சமதரை. இங்கே வண்டியை நிறுத்துவது கியரும் கல்லும்தான். எங்கள் ஒர்க்‌ஷாப் வாசல் மட்டும் ரோட்டைவிட மூன்றடி உயரம், மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி கட்டியது. அந்தச் சரிவில் எந்த வண்டி நின்றாலும் முன்சக்கரத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த கல் ஒன்றைக் கொடுப்போம். கல் இருக்கும் இடத்தில் ஹேண்ட்பிரேக்கை யார் மதிப்பார்கள்?

2. நட்டு

அந்தக் காரில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். பின் டிஸ்க்குக்குள் சின்ன டிரம் இருக்கும். ஹேண்ட்பிரேக்குக்கென்று, டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் தனி ஷூ அதற்குள்தான். பிடிப்பு குறைந்தால் முதலில் லீவரிலிருந்து போகும் கேபிளை முழுக்கத் தளர்த்த வேண்டும். சக்கரத்தையும் டிஸ்க்கையும் கழற்றி ஷூவைப் பார்க்க வேண்டும். ஷூ நன்றாக இருந்தால் பல்சக்கரத்தைத் திருகி அதை டிரம்மோடு நெருக்கி வைக்க வேண்டும். கேபிளை இழுப்பது கடைசி வேலை.

முருகேசண்ணன் அந்தக் கடைசி வேலையை மட்டும் செய்தார். லீவருக்குக் கீழே உள்ள நட்டை முறுக்கினார். லீவரை இழுக்கும்போது கேட்கும் கிளிக் சத்தம்தான் கணக்கு; குறைந்த கிளிக்கில் நின்றால் இறுக்கம் என்று அர்த்தம்.

"முன்ன பதினோரு கிளிக் ஏறுச்சு. இப்பப் பாரு, நாலுல நிக்குது. கல்லு மாதிரி."

இழுத்துப் பார்த்தேன். கைக்கு இறுக்கமாகத்தான் இருந்தது. நட்டை மட்டும் முறுக்கினால் கேபிள்தான் இறுகும், தேய்ந்த ஷூ பிடிக்காது; லீவர் அப்படித்தான் பொய் சொல்லும். அது எனக்குத் தெரியும்.

"ஷூவப் பாத்தீங்களாண்ணே?"

"பாத்து? தேஞ்சிருந்தா புதுசு சென்னையில இருந்து வரணும். நாலு நாளு. நாளைக்கு டெலிவரின்னு மொதலாளி சொல்லிட்டாரு. போம்மா இன்ஜினியரம்மா."

ஜாப் கார்டில் 'சரிவில் நிறுத்திச் சோதித்தது' என்று ஒரு கட்டம் உண்டு. அதைச் சேர்த்தவளே நான்தான். அன்று வாசல் சரிவில் வேறொரு வண்டி நின்றது. அதை எடுக்கச் சொல்லி, இதை ஏற்றி, கல் இல்லாமல் நிறுத்திப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். மூன்று மணிக்கு ஒத்தக்கடையில் காவ்யாவின் கல்லூரியில் பெற்றோர் கூட்டம். என் ஒரே மகள். ஒரு நாளில் மூன்று முறை போன் செய்து சாப்பிட்டாளா, பஸ் ஏறினாளா என்று கேட்கிற அம்மா நான். கூட்டத்துக்குப் பிந்திப் போனால் என்ன நினைப்பார்கள் என்ற பதற்றத்தில் கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

3. போட்டோ

எங்கள் முதலாளிக்கு ஒரு பழக்கம். பெரிய வண்டி டெலிவரி என்றால் வாசலில் நிறுத்தி, சொந்தக்காரர் கையில் சாவியைக் கொடுத்துப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடுவார். மறுநாள் காலை காரைச் சரிவில் ரோட்டைப் பார்த்து நிறுத்தினார்கள்.

"அந்தக் கல்ல எடுங்கப்பா, அசிங்கமா இருக்கு. டாக்டர், இன்ஜின் ஓடட்டும். அந்தச் சத்தத்தோட ஒரு வீடியோவும் எடுத்துருவோம்."

இன்ஜின் ஓடினால் வண்டி நியூட்ரலில்தான் நிற்கும். டாக்டர் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினார். அவரிடம் ஒரு குறையும் இல்லை. பிரேக் சரியாகிவிட்டது என்று நாங்கள்தான் எழுதிக் கொடுத்திருந்தோம்.

காவ்யா அன்று என் சாப்பாட்டு டப்பாவைக் கொடுக்க வந்திருந்தாள். "நீ எடுடி, உனக்குத்தான் நல்லா வரும்" என்று முதலாளியின் போனை அவள் கையில் கொடுத்தவள் நான். சரிவின் அடியில், நிறுத்தியிருந்த மினி லாரியின் பின்பக்கம் முதுகைக் கொடுத்து, போனைப் பார்த்தபடி நின்றாள். "அங்கிள், கொஞ்சம் சிரிங்க" என்றாள்.

இன்ஜின் அதிர்வில் ஹேண்ட்பிரேக்கின் பிடி விட்டது. தாழ்ந்த பம்பர் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே லாரியோடு சேர்த்து நசுக்கியது. இரண்டு எலும்பும் உடைந்தன.

4. ஆஸ்பத்திரி

ஆபரேஷன் முடிந்த மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் நானே பின்சக்கரத்தைக் கழற்றினேன். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் பிடிப்புப் பட்டை, லைனிங், காகிதம்போல் தேய்ந்திருந்தது. பல்சக்கரம் துருப்பிடித்து இறுகியிருந்தது. முருகேசண்ணன் பக்கத்தில் வந்து நின்றார்.

"தொறந்தே பாக்கலையாண்ணே?"

"நீயும் தொறக்கச் சொல்லலையேம்மா."

முதலாளி என்னைத் தனியாக அழைத்தார். "கியர்ல போடாதது தன் தப்புன்னு டாக்டரே சொல்றாரு. ஆஸ்பத்திரிச் செலவையும் பாத்துக்கிறாரு. நீ எதுக்கு வாயத் தொறக்குற?"

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. டாக்டர் தினமும் வந்து கட்டிலோரம் நின்று, "மன்னிச்சுரு பாப்பா, எல்லாம் என் அஜாக்கிரதை" என்பார். காவ்யா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். அவர் போனதும், "அந்த ஆளு ஏம்மா இங்க வாராரு? வரவேணாம்னு சொல்லு" என்பாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் அவர், "காரை விக்கச் சொல்லிட்டேன். இனிமே ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நட்டு, ஷூ, கட்டம் எல்லாவற்றையும் இருவர் முன்னாலும் சொன்னேன்.

காவ்யா கேட்டாள். "சரிவுல நிறுத்திப் பாத்தியாம்மா?"

"இல்ல."

"ஆனா டிக் போட்ட."

"போட்டேன்."

அவள் சுவர்ப்பக்கமிருந்து திரும்பி, விபத்துக்குப் பிறகு முதல்முறையாக டாக்டரைப் பார்த்துப் பேசினாள். "உக்காருங்க அங்கிள்."

இப்போது கம்பு ஊன்றி நடக்கிறாள். நான் போன் செய்தால் எடுக்கிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அவ்வளவுதான்.

வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இதுதான். லீவர் எத்தனை கிளிக்கில் நிற்கிறது என்பதை நம்பாதீர்கள். சக்கரத்தைக் கழற்றுங்கள். வேலை முடிந்ததும் வண்டியைச் சரிவில் ஏற்றி, கல்லை எடுத்துவிட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். பிறகு அந்த வண்டிக்கு முன்னால் உங்கள் பிள்ளையை நிறுத்த மனம் வருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.