வள்ளக்காரரின் பேர் வைத்த மகள்

பெண் பிள்ளைக்கு ஆண் பேர் வைத்தால் எங்கள் பக்கத்துச் சனம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ஆம்புளப் புள்ளைக்கு ஆசப்பட்டீங்களோ?" என் பக்கத்து வீட்டுக்காரியிடமும் அதைத்தான் கேட்டார்கள். அவள் முற்றத்தில் மண் அளைந்துகொண்டிருந்த தன் இரண்டு பையன்களையும் காட்டிச் சிரிப்பாள். "ஆசப்பட்டு ரெண்டு கெடச்சி, போதும் போதும் எண்டு ஈக்கிது. இந்த மொற நான் துஆக் கேட்டதே பொம்புளப் புள்ளைக்குத்தான்."

அந்தப் பேர் என்ன என்று எழுதமாட்டேன். எல்லாரும் இன்னும் இதே கற்பிட்டிக் கரையில் இருக்கிறவர்கள், நானும் அவர்களோடு இருக்க வேண்டியவள். கேட்ட உடனே தாடியும் மீசையுமாக ஓர் ஆள் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கிற பேர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

பேர் வந்த வழி இதுதான். அந்த வருடம் அவளுடைய கணவர் களப்புக்கு அந்தப் பக்கம் உச்சமுனைத் தீவில் வாடிக் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தார். பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்கிறதென்று இவளும் பையன்களோடு அங்கே போய்விட்டாள். ஒரு மத்தியானம், கணவர் கடலில் இருந்த நேரம், நோவு கண்டுவிட்டது. கரையில் அப்போது நின்றது ஒரே ஒரு வள்ளம். அதன் சொந்தக்காரர் தீவுக்குச் சாமான் ஏற்றி இறக்குகிறவர். இவளுக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை. பையன்களை அடுத்த வாடியில் விட்டுவிட்டு, இவளையும் துணைக்கு ஒரு பெண்ணையும் ஏற்றிக்கொண்டு அவர் எஞ்சினை இழுத்தார்.

களப்பின் நடுவில் சாதாழை என்கிற கடற்புல் விசிறியில் சுற்றி எஞ்சின் நின்றுபோனது. கழற்றி எடுத்தால் மறுபடி சுற்றும். அந்த இடம் முழுக்கச் சாதாழைதான். காற்றும் எதிர்க்காற்று. மனிதர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். நெஞ்சளவு ஆழம். கயிற்றைத் தோளில் போட்டு வள்ளத்தை இழுத்துக்கொண்டு நடந்தார்.

"தங்கச்சி," என்றாராம், "உள்ளுக்கு ஈக்கிற ஆளுக்குச் சொல்லு, ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிப்போக மாட்டாது, அவசரப்பட வேணாமெண்டு. நான் முன்னுக்குத்தான் பாத்துக்கொண்டு நடக்கிறன். நீ நல்லாக் கத்து. இந்தக் காத்துக்கு எனக்கு ஒண்டும் கேக்க மாட்டாது."

கேட்காமலா இருக்கும்! ஆனாலும் சாதாழை முடிந்து எஞ்சின் மறுபடி பிடிக்கும் வரைக்கும் அவர் தலையைத் திருப்பவில்லை. எஞ்சின் பக்கம் வந்து உட்கார்ந்த பிறகும், துணைக்கு வந்தவளின் சீலையை மறைப்பாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு அடிவானத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டினாராம். கரையேறி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஏற்றிய கையோடு மகள் பிறந்தாள். உயிரைக் காப்பாற்றியது பெரிய காரியம்தான். ஆனால் என் சிநேகிதி சொல்லிச் சொல்லி வியப்பது மற்றதைத்தான்: "அந்த மனுசன் ஒருக்காவும் திரும்பிப் பாக்கல்ல, ராத்தா."

ஏழாம் நாள் தலைமுடி இறக்கிப் பேர் வைத்தார்கள். பள்ளிவாசல் லெப்பை ஆண்களோடு பாயில் இருந்தார். நாங்கள் பெண்கள் சீலை மறைப்புக்குப் பின்னால். "என்ன பேர்?" என்று லெப்பை கேட்டார். தகப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்க, மறைப்புக்குப் பின்னால் இருந்து இவள் சொன்னாள். 

லெப்பை மறைப்புப் பக்கம் திரும்பி, "நான் கேட்டது புள்ளட பேர," என்றார்.

"புள்ளட பேர்தான், லெப்பே."

ஒரு பெரியவர் வழி சொன்னார்: "பின்னால ஒரு உம்மா போடுங்களேன். இல்லாட்டி ஒரு பீவி." அது நியாயமான யோசனைதான். எங்கள் பழைய பெண்கள் பலருக்கு அப்படித்தான் பேர். முன்னால் ஓர் ஆணின் பேர் நிற்கும், பின்னால் உம்மாவோ பீவியோ வந்து அதைப் பெண்ணாக்கும். இவள் விடவில்லை.

"என்னைய இழுத்துக்கொண்டு வந்தவர்ட பேருக்குப் பின்னால பீவி ஈந்திச்சா?"

பாயில் சிரிப்பு வெடித்தது. "பேர்ட கருத்து நல்லம். நான் தடுக்கல்ல," என்று லெப்பை முடித்துவிட்டார். மூலையில் இருந்த வள்ளக்காரர்தான் நிமிரவேயில்லை. தன் பேரைத் தானே திருடிவிட்டவர் மாதிரி இருந்தார்.

பிள்ளை அந்தப் பேரோடு சுகமாக வளர்ந்தாள். பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் பேரை வைத்து ஆண் பிள்ளைகளின் ஓட்டத்தில் போட்டுவிட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் வரிசையில் போய் நின்று ஓடி மூன்றாவதாக வந்தாள். "ஏன் புள்ள சொல்லல்ல?" என்று கேட்டேன். "கூப்பிட்டாங்க, போனன் பெரியம்மா," என்றாள். சிலாபம் ஆஸ்பத்திரியில் பேரைக் கூப்பிட்டு, எழும்பி வந்த இவளிடம் "வாப்பாவ வரச்சொல்லுங்க" என்றதற்கு, "நான்தான் அவர்" என்றாளாம். அன்றைக்கு முழுக்க எனக்கு அதை நினைத்துச் சிரிப்பு.

கலியாணம் பேசி வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. சிலாபத்தில் கடை வைத்திருக்கிற குடும்பம். பையனுக்குப் பிடித்திருந்தது, இவளுக்கும் பிடித்திருந்தது, எல்லாம் சரி. பிறகு ஒரு நாள் பின்னேரம், நானும் அந்த வீட்டில் இருந்த நேரம், பையனின் தாய் தனியாக வந்து கதிரையில் இருந்துகொண்டு, "சம்மந்தி, பேர ஒருக்காப் பாப்பம்," என்றார்.

"பேருக்கு என்ன?"

"மகன்ட பேரையும் உங்கட மகள்ட பேரையும் கார்ட்ல பக்கத்துல பக்கத்துல அடிச்சா, ரெண்டு மாப்புளைக்குக் கலியாணமோ எண்டு சிலாபமே சிரிக்கும். நல்லதா ஒரு பொம்புளப் பேர் வைப்பம். ஏலாதெண்டா... எங்கட ஆக்கள் யோசிக்கிறாங்க."

யோசிக்கிறார்கள் என்றால் என்ன என்று எல்லாருக்கும் விளங்கும். லெப்பைக்கே பதில் சொன்ன என் சிநேகிதி இப்போது பிஸ்கட் தட்டைத்தான் சம்மந்திப் பக்கம் நகர்த்தினாள். மகளின் கலியாணம் என்று வந்தால் எந்த உம்மாவுக்கும் அப்படித்தான்.

பேர் வைத்த நாளிலிருந்து வீட்டு ஆளாகவே ஆகிவிட்ட வள்ளக்காரர் அப்போது முற்றத்தில் இருந்தார். விருந்தாளி வருகிறார் என்று நண்டு கொண்டுவந்து சுத்தம் செய்துகொண்டிருந்தவர், கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். வயதாகிவிட்ட மனிதர். "என்ட பேரால இந்தப் புள்ளட கலியாணம் நிக்கக் கூடாது," என்றார். "எடுத்துப்போடுங்க. அத நானே வச்சிக்கிறன்."

மகள் எழும்பினாள். "மாமா, நீங்க போய் நண்டப் பாருங்க." பிறகு வருங்கால மாமியாரிடம் சொன்னாள்: "மாமி, மாத்துறெண்டா மாத்துங்க. ஆனா அந்தப் புதுப் பேரால நீங்க கூப்பிடக்குள்ள, யாரையோ கூப்பிடுறாங்க எண்டு நான் பாட்டுக்கு ஈப்பன். பொறகு, செவிட்டு மருமகள எடுத்துப்போட்டன் எண்டு நீங்கதான் அழணும்."

அந்த அம்மாவின் வாயோரம் சிரிப்பு வந்து நின்றது. ஆனால் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. "யாரு இந்த மனுசன்?" என்று கேட்டார். மகள் தேத்தண்ணி ஊற்ற உள்ளே போனாள். என் சிநேகிதி சொல்லத் தொடங்கினாள். சாதாழை, எதிர்க்காற்று, தோளில் கயிறு, திருப்பாத தலை. நான் பலமுறை கேட்ட கதை.

சம்மந்திக்காரி முற்றத்தில் நண்டு கழுவுகிறவரை எட்டிப் பார்த்தார். "நான் மூணு பெத்தவ," என்றார். "அந்த நேரத்துல கிட்ட நிண்டவங்க எல்லாரும் என்னையத்தான் முழிச்சிப் பாத்துக்கொண்டு நிண்டாங்க." பிறகு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்கு வந்த மருமகளைக் கூப்பிடுகிற அதே அதிகாரத்தோடு அந்தப் பேரை உரக்கக் கூப்பிட்டு, "குடிக்கத் தண்ணி கொண்டு வாங்க!" என்றார்.

குசினிக்குள் இருந்து "ஓம் மாமி!" என்று ஒரு குரல். முற்றத்தில் இருந்து "ஓம், இந்தா!" என்று இன்னொரு குரல். குசினி வாசலால் அவள் ஒரு கிளாஸோடு வந்தாள். தெருவாசலால், நண்டு மணக்கிற கையைக் கழுவிக்கொண்டு, கிணற்றுத் தண்ணீரோடு அவர் வந்தார். இரண்டு கிளாஸும் அந்த அம்மாவுக்கு முன்னால் நீட்டப்பட்டன.

அவர் முதலில் இவளுடையதை வாங்கிக் குடித்தார். கிழவரின் முகத்தைப் பார்த்துவிட்டு அதையும் வாங்கி மிச்சமில்லாமல் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என் சிநேகிதியிடம் சொன்னார்:

"கார்ட்ல மணமகள் எண்டத மட்டும் நல்லாப் பெரிசா அடிச்சிடுங்க, சம்மந்தி."