ஏலத்துக்குப் போன முதல் அறுப்பு

மகள் கல்லூரி முடித்ததும் நல்ல வேலை கிடைக்க வேண்டும் என்று நான் ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கண்டெய்னரைக் கொண்டுவந்தாள். துறைமுகத்தில் கிடந்த பழைய இரும்புப் பெட்டி. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனையில் அதைக் கிரேன் வைத்து இறக்கியபோது தெருவே கூடி நின்றது.

"இன்னாக்கா, கப்பல் வாங்கிட்டியா? தண்ணி எங்க கீது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

மண்ணே கிடையாது. உள்ளே அடுக்கடுக்காகக் குழாய்கள், அவற்றில் ஓடும் தண்ணீர், வெயிலுக்குப் பதில் ஊதா விளக்கு. அதில் கோஸ் இலை மாதிரி இருக்கும் ஒரு சாலட் கீரை வளர்ப்பாளாம். விதை போடுவதும் அறுப்பதும் எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேர். பின்னாலிருக்கும் அடுக்குமாடியில் பேர் கொடுத்த பதினெட்டு வீட்டுக்கு ஒவ்வொரு அறுப்பிலும் ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கு ஒரு பை. வருவதில் எல்லோருக்கும் பங்கு. நான் பத்தாவதோடு நின்றவள். நாலு குடும்பத்துக்கு நல்லது நடக்கும் என்பது மட்டும் புரிந்தது. அதற்காக முழங்காலில் நின்றேன்.

இரண்டு முறை கரண்ட் போய், மோட்டார் நின்று, நாற்று முழுக்கக் கருகியது. மூன்றாவது முறைதான் தழைத்தது.

"முதல் அறுப்பு ஆண்டவருக்கு, சொல்லிட்டேன்" என்றேன்.

"சரிம்மா, குடுத்துடலாம்" என்றாள் போனைப் பார்த்துக்கொண்டே.

அந்த வாரம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. சனிக்கிழமையே அவரவர் முதற்பலனைக் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்போம். மறுநாள் ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். மகள் பை வாங்கத் தாம்பரம் போயிருந்த நேரத்தில் நானும் அந்த நான்கு பேரும் கீரையை அறுத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றி, ஆலயத்தில் வைத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் மகள் கண்டெய்னரைத் திறந்தாள்.

"அம்மா, கீரை எங்க?"

"ஆலயத்துல."

"எவ்ளோ?"

"எல்லாந்தான். முதல் அறுப்புன்னு சொன்னேனே."

"ஐயோ, நான் ஒரு கட்டுன்னு நெனச்சேம்மா! நாளைக்குப் பதினெட்டு வீட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன். முதல் தடவையே ஏமாத்துனா எவன் நம்புவான்? போய் எடுத்துட்டு வா."

"பீடத்துக்கு முன்னாடி வச்சதை எப்படிடி எடுப்பேன்?"

முதல் அறுப்பு என்றால் எனக்கு, முதல் தடவை அறுப்பது மொத்தமும்; வீடுகளுக்கு அடுத்த அறுப்பிலிருந்து. அவளுக்கு, முதலில் அறுக்கும் ஒரு கைப்பிடி. ஒரே சொல்லுக்கு இரண்டு பேரும் தலையாட்டியிருக்கிறோம்.

ஏலத்தில் கேட்டு வாங்குவதுதான் ஒரே வழி. காலையில் ஆலயத்துக்கு வெளியே ஷாமியானா போட்டு வாழைத்தார், கோழி, கேக் என்று ஒவ்வொன்றாக ஏலம் போனது. எங்கள் கீரை வந்தபோது ஏலம் விடுபவர் ஒரு கட்டைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னா, கோஸ் உருளாம போச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மகள் மொத்தத்தையும் கேட்டாள். உடனே பின்னாலிருந்து ஒரு பெரியவர் கூட்டிக் கேட்டார். "நம்ம பொண்ணு வெளைய வச்சது, சும்மா வுட்ருவமா?"

அவரே எடுத்தார். "இதைத் திரும்பவும் சபைக்கே குடுக்கிறேன், மறுபடி ஏலம் விடுங்க" என்றார். ஒரே கைதட்டல். எங்கள் சபையில் அது ஒரு வழக்கம், நானும் செய்திருக்கிறேன். இரண்டாம் முறை வேறொருவர் எடுத்து அதேபோல் திருப்பிக் கொடுத்தார். ஷாமியானா ஓரத்தில் வெயில் நேராகக் கீரைமேல் விழுந்தது. நான் குனிந்துபோய் அந்தப் பெரியவர் காதில், "அண்ணா, தயவுசெஞ்சு இனிமே கேக்காதீங்க" என்றேன்.

"சும்மா இரு தங்கச்சி, இதுக்குப் போயி வெக்கப்படுறியே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கையைத் தூக்கினார்.

அன்பை எப்படித் தடுப்பது? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

நான்காவது முறைதான் எங்கள் கைக்கு வந்தது. அடுக்குமாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை. பத்து மணிக்கு என்று சொல்லியிருந்தாள். இலையெல்லாம் ஈரத்துணி மாதிரி தொங்கியது. பையை வாங்கிய ஒரு அம்மா, "கடையில இதைவிட ஃப்ரெஷ்ஷா இருக்கே" என்றார். பாதிப் பேர் வாங்கவே இல்லை.

திங்கட்கிழமை நானே ஒவ்வொரு கதவாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். திட்டியிருந்தால் தேவலை.

"சாமி காரியம்தானே ஆன்ட்டி, பரவாயில்ல. அடுத்த வாரம் வருமா?"

"இன்னும் அஞ்சு வாரம் ஆகும்மா."

"அப்போ பாக்கலாம்." கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

மூன்றாம் மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். "ஆண்டவரே, உமக்குத்தானே கொடுத்தேன், அவளை ஏன் தலைகுனிய வைத்தீர்?" என்று வாய்விட்டே கேட்டேன். லிஃப்டிலிருந்து வந்த ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். எழுந்து அடுத்த கதவைத் தட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது மகளும் அந்த நான்கு பேரும் மறுபடி விதை போட்டுக்கொண்டிருந்தார்கள். "பதினோரு வீட்டுல பாக்கலாம்னாங்க" என்றேன்.

அவள் திரும்பவில்லை. "மீதி ஏழு?"

"கதவு பூட்டியிருந்துச்சு."

"ஆபீஸ் போயிருப்பாங்க, ஏழு மணிக்கு மேல போ."

பெற்ற பிள்ளை என்னை ஏவுகிறாளே என்று சுருக்கென்றது. முழங்கால் வேறு வலித்தது. போனேன்.