கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி

தக்கலைப் பக்கத்தில் எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதைப் புத்தகம் எடுப்பவர்கள் கடைசிப் பக்கத்தில் அபிப்பிராயம் எழுதி வைப்பார்கள். மனைவி இறந்து போன பிறகு, எல்லோரும் பேசுகிற ஒரு கோர்ட் நாவலை எடுத்தேன்; ஒரு விதவைக்காக ஒரு வக்கீல் வாதாடி ஜெயிக்கிற கதை. கடைசிப் பக்கத்தில் ஒருவர் ‘சூப்பர்’ என்றும், இன்னொருவர் ‘செம அறுவை’ என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கோ எரிச்சல். ‘முடிவு சுத்தப் பொய். நிஜக் கோர்ட்டில் அந்த விதவை தோற்றிருப்பாள்’ என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த முறை போனபோது சும்மா புரட்டிப் பார்த்தேன். என் வரிக்குக் கீழே, ‘தோற்றால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?’ என்று சாய்வான கையெழுத்தில் இருந்தது. என்னிடம் ஒருவர் கேள்வி கேட்டே வெகுநாளாகியிருந்தது. மறுபடி எடுத்துப் போய்ப் பதில் எழுதினேன். அதற்கும் பதில் வந்தது. இப்படியே மாறி மாறி நடந்தது.

ஒரு தடவை நான் பதில் எழுதுவதற்குள் தவணை முடிந்துவிட்டது. புத்தகத்தைப் புதுப்பிக்கப் போனேன். நூலகர் அம்மா சிரித்தார்.

“சாரே, இதையே எடுக்கியளே, அவ்வளவு கொள்ளாமா, நல்ல கதையா?”

“சகிக்காது,” என்றேன்.

“ஒரு டீச்சரும் இதையேதான் எடுக்காவ. புக்கு வந்தாச்சான்னு நேத்தும் கேட்டுட்டுப் போனாவ.”

உடனே அவரிடம் பேனா வாங்கினேன். ‘சரி, அவள் ஜெயிக்கட்டும்’ என்று எழுதத்தான் நினைத்தேன். ஒத்துக்கொண்டால் பேச்சு முடிந்துவிடுமே! ‘அந்த வக்கீல் மட்டும் ஏன் கடைசி வரை தனியாகவே இருந்தான்?’ என்று எழுதிப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

முடிவைப் பற்றி அந்த டீச்சர் சொன்னதுதான் சரி. அதை மட்டும் நான் இன்னும் எழுதவில்லை.