இரண்டு ஊர் சித்திக்கு, இரண்டு ஊர் எனக்கு

மேரி அக்காவின் கையிலிருந்த டிபன் கேரியர் கழுவித் துடைக்கப்பட்டிருந்தது. அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். அது என் சித்தி ரோஸ்லினுடையது. டியூட்டி முடிந்து வரும் சித்தி அதை ஒருநாளும் கழுவிக் கொண்டுவந்ததில்லை. "ஆஸ்பத்திரிக் குழாயில நம்ம பாத்திரத்தக் கழுவப்பிடாது" என்பார். அவரோடு வேலை பார்க்கும் நர்ஸான மேரி அக்கா அந்தச் சுத்தமான பாத்திரத்தோடு துபாயில் எங்கள் தேரா வீட்டு வாசலில் நின்றபோது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கதவை முழுசாகத் திறந்தேன்.

"மக்ளே, அம்மையக் கூப்பிடு" என்றார் அக்கா.

டியூட்டி முடிந்து சித்தி ரோட்டைக் கடக்கும்போது தண்ணீர் லாரி மோதியிருக்கிறது. தான் அதுவரை வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சித்தி இறந்துபோனார்.

அவரோடு பழகியவர்களுக்கு அவருடைய கேலியும் சிரிப்பும் தெரியும். பழகாதவர்களுக்காகச் சொல்கிறேன். சித்தி என் அம்மாவின் தங்கை. குளச்சல் பக்கத்துக் கடற்கரைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் துபாய் வந்தவர் அவர்தான். பிறகு அப்பாவுக்கு டெக்னீஷியன் வேலைக்கு வழி செய்து எங்களையும் வரவழைத்தார். இங்கே வந்ததும், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று என் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அதற்காக அப்பாவிடம் சண்டை போட்டவர் சித்தி ஒருவர்தான். அந்தச் சண்டையில் அவர் ஜெயிக்கவில்லை.

எங்களுக்கெல்லாம் லீவு என்றால் ஊருக்குப் போவது. வேறு அர்த்தம் கிடையாது. சித்தியின் ஒரு லீவு மாமா வீட்டுக்குக் கான்கிரீட் போடுவதில் போயிற்று. இன்னொன்று கடைசித் தங்கையின் பிரசவத்தில். மற்றொன்று ஒரு கல்யாணத்தில்.

போன வருஷம் அவருடைய வார்டில் கால் ஒடிந்து கிடந்த ஜப்பான் இன்ஜினியர் ஒருவர், தன் ஊர்ப் பக்கத்தை ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். ஒசாகா, கோபே, கியோட்டோ, நாரா. சித்தி அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டினார்.

"எல்லாம் பக்கத்துப் பக்கத்துல கெடக்கு மக்ளே. நாரோயில்ல பஸ் ஏறி குளச்சல் போற மாதிரிதான். ஒசாகாவுல ரூம் எடுத்துட்டு, தெனம் ஒரு ஊரு. காலையில போனா ராத்திரி வந்திரலாம். நாராவுல மானு ரோட்டுல நடக்குமாம்!"

"ஊர்ல எல்லாரும் வழி பாத்துக்கிட்டு கெடக்காவ, இவ மானு பாக்கப் போறாளாம்" என்றார் அம்மா. "கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஒண்ணும் சொல்லாண்டாம் எக்கா. இந்த ஒரு லீவு எனக்கு."

சித்தி அவ்வளவு மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

என்னையும் கூட்டிப்போவதாகச் சொன்னார். எனக்கு ஆசையைவிடப் பயம்தான் அதிகம். கீழேயுள்ள கடையில்கூட நான் சாமானைக் கை நீட்டித்தான் காட்டுவேன்.

"எனக்கு மட்டும் பயமில்லன்னு நெனச்சியா? எனக்குத் தெரிஞ்சது வார்டு இங்கிலீசு. டிக்கெட் கவுண்டர்ல போயி, வாயத் தொற, திரும்பிப் படுன்னா சொல்ல முடியும்?"

நான் சிரித்த சிரிப்பில் தூங்கிய தம்பி எழுந்துவிட்டான்.

அன்றே ஊர்களைப் பங்கு பிரித்தார். ஒசாகாவும் கோபேயும் அவருக்கு. கியோட்டோவும் நாராவும் எனக்கு. "ஒன் ஊர்ல நான் வாயத் தொறக்க மாட்டேன். நீ கேக்கலன்னா ரெண்டு பேரும் பட்டினி."

அதற்குப் பழக வெள்ளிக்கிழமைகளில் கடல்கழியைக் கடக்கும் அப்ரா படகில் ஏறி அக்கரைக்குப் போவோம். அக்கரை சித்தியின் ஊர் என்று கணக்கு. அங்கே சித்தி, "பாய், ஜல்தி! தோ சாய்!" என்று டீக்கடைக்காரரை அதட்டி டீ வாங்கித் தருவார். திரும்பி வந்தால் இந்தக் கரையிலுள்ள கடை என் ஊர். நான் கடை முன்னால் நிற்பேன். வாய் திறக்காது. சித்தி பக்கத்தில் நின்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாளும் எனக்காக அவர் கேட்டதில்லை.

"சரி, கியோட்டோவுல பட்டினிதான்" என்று வீட்டுக்கு நடப்பார்.

லீவும் கிடைத்தது. எங்கள் இருவருக்குமாக ஒரே பெட்டியில் துணிகளை அடுக்கிவைத்தார். அந்த வாரம்தான் மேரி அக்கா வந்தார்.

ஜெபத்துக்கு வந்தவர்களில் ஒருவர், "ஊருக்குப் போயிருந்தா இது வந்திருக்குமா?" என்றார். அம்மா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இன்னும் அழுகிறார். மறுநாள் அம்மா சித்தியின் பெட்டியைத் திறந்து, ஸ்வெட்டர்களை எடுத்து வைத்துவிட்டு, மாமா பிள்ளைகளுக்குத் துணியும் சோப்பும் அடுக்கினார். வெறும் பெட்டியை யாரும் ஊருக்கு அனுப்புவதில்லை. கடைசியில் சித்தியின் இந்த லீவும் ஊருக்கே போயிற்று.

சித்தியின் உடலை ஊருக்கு அனுப்பப் போன விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில், இறந்தவரின் பெயரைச் சொல்லச் சொல்லி கவுண்டரில் இருந்தவர் இந்தியில் கேட்டார். அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கவுண்டர்க்காரர் மறுபடி கேட்டார். "யல்லா, பாய்" என்று அவசரப்படுத்திப் பேனாவால் மேசையைத் தட்டினார். சித்தி எங்களுக்குப் பின்னால், ஆணி அடித்த பெட்டிக்குள் இருந்தார்.

நான் தம்பியை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் கவுண்டருக்குப் போனேன். சித்தியின் பெயரையும், அவருடைய அப்பாவின் பெயரையும், ஊரையும், கவுண்டர்க்காரர் எழுதி முடிக்கும்வரை சத்தமாகச் சொன்னேன்.